ஐம்பத்திரண்டு அளவு ஆள்

"குதிகாலைக் கீழ வைங்க, தூ சார்."

"கீழதான் இருக்கு, முதலாளியம்மா."

"அப்போ தரை மேல ஏறிடுச்சுபோல."

தூ மிங்-ஷான் குதிகால்களை இறக்கினார். சைக்கிள் கடைச் சுவரில் முதுகை ஒட்டி, காலணியைக் கழற்றிவிட்டு, தொடைகளுக்கு நடுவே ஒரு தடித்த அகராதியை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். இடது சாக்ஸின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. நல்ல சாக்ஸ் தேடிக் காலையில் அலமாரியையே கவிழ்த்த மனிதர், கடைசியில் இதைத்தான் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"புத்தகத்தை இன்னும் மேல தூக்குங்க. சீட்ல உக்காந்தா எப்படி அழுத்துமோ அப்படி."

தூக்கினார். கடை முதலாளியம்மா பெங் லீயுன் மண்டியிட்டு, புத்தகத்தின் மேல் விளிம்புக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பை இழுத்தாள்.

"எழுபத்தாறு. அப்படின்னா நீங்க ஐம்பத்திரண்டு. கதவைத் தள்ளிட்டு வரும்போதே தெரிஞ்சுது. அளக்கிறதெல்லாம் ஒரு மரியாதைக்கு."

ஐம்பத்திரண்டு என்பது வயதல்ல. வயதைக் கேட்டால் மிங்-ஷான் நாற்பதுகளின் பக்கமாகக் கையை ஆட்டிவிடுவார். இது சைக்கிள் பிரேமின் அளவு, சென்டிமீட்டர் கணக்கு. ஆளின் கால் நீளத்துக்குத் தக்கபடி கூடும், குறையும். தப்பாகப் போனால் உடம்பு உடனே புகார் கொடுக்கும்.

அந்த எண் மிங்-ஷானுக்குப் பிடிக்கவில்லை. காரணம், கல்லாவுக்கு மேலே சுவரில் தொங்கிய ஒரு பழைய பிரேம். சாம்பல் நிற டைட்டானியம், அளவு ஐம்பத்தெட்டு. லீயுனின் கணவருடையது. ஆள் போய் ஆறு வருடமாகிறது. பிரேம் மட்டும் தூசி தும்பு இல்லாமல் தொங்குகிறது. ஐம்பத்தெட்டோடு வாழ்ந்த ஒருத்தி ஐம்பத்திரண்டைத் திரும்பிப் பார்ப்பாளா? குதிகாலைத் தூக்கியது அதனால்தான்.

"ஐம்பத்திநாலு சரிவராதா?"

"காலை ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சு இழுத்தா வரும்."

உண்மையைச் சொல்லிவிடலாம். மிங்-ஷானுக்குச் சைக்கிளே தேவையில்லை. ஹௌலியில் பாதி ஊர் சைக்கிள் ஃபேக்டரியிலோ, அதற்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையிலோ வேலை செய்கிறது. மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமையானால் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு மலை ஏறுகிறது. இரண்டிலும் சேராத ஆள் இவர். குடும்பப் பதிவு அலுவலகத்தில் கல்யாணப் பதிவு கவுண்டர். பகலெல்லாம் அடுத்தவர்களின் கல்யாணத்துக்கு முத்திரை குத்திவிட்டு, சாயங்காலம் ஒரு ஆளுக்கு மட்டும் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. ஏதோ ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தார், வரிசை நகரவில்லை, அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன்பு, கணவர் இறந்ததைப் பதிய லீயுன் அந்த அலுவலகத்துக்கு வந்தாள். பக்கத்துக் கவுண்டர்காரர் அன்று விடுப்பு. மிங்-ஷான்தான் எழுதிக்கொடுத்தார். வேலை முடிந்த பிறகும் அவள் எழுந்து போகவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வலது தோள் வலிக்குமே?" என்றாள்.

"ஆமா. வருஷக்கணக்கா."

"நாற்காலி தாழ்வு. எழுந்திருங்க."

கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்காலிக்கு அடியில் இருந்த நெம்புகோலை இழுத்து, நாலு விரல் உயர்த்தி, முதுகுப் பலகையை ஒரு தட்டுத் தட்டினாள். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. "இப்போ உக்காருங்க," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தோள்வலி அன்றோடு போனது. போன வலி நெஞ்சின் இடது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. புருஷனைப் பறிகொடுத்து அதைப் பதிய வந்த இடத்தில், முன்பின் தெரியாத ஒருவனின் தோளைக் கவனித்த பெண். அவளை மறப்பது எப்படி என்று மிங்-ஷானுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர் முயலவும் இல்லை.

அன்றிலிருந்து அவருடைய காலைச் சாப்பாடு லீயுனின் கடைக்கு எதிர்ச்சாரியில்தான். அங்கே அ-ஜூ என்ற பெண்மணி காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறாள். ஊரில் உள்ள எல்லாக் காலைச் சிற்றுண்டிக் கடைப் பெண்களையும் போல, வருகிற ஆண்கள் அனைவரையும் ஹீரோ என்றுதான் கூப்பிடுவாள். தபால்காரர் ஹீரோ, பல் போன கிழவர் ஹீரோ, மிங்-ஷானும் ஹீரோ. அவளுடைய தோசைக்கல் தெருவைப் பார்த்து இருக்கும். மிங்-ஷானின் முக்காலியும் தெருவைப் பார்த்து இருக்கும். ஆறு வருடம் முட்டை ரொட்டி தின்றபடி எதிர்க்கடையைப் பார்த்தார். தெருவைத் தாண்டுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கடைசியில்தான், சைக்கிள் கடைக்குள் போகச் சைக்கிள் வாங்கலாம் என்ற எண்ணம் உதித்தது. ஆறு வருடம் யோசித்ததன் பலன் இது.

"அளவு முடிஞ்சுது," என்றாள் லீயுன். "எதுல வேணும்?"

வரிசையாக நின்ற பிரேம்களை நகத்தால் தட்டிக்கொண்டே போனாள். "இது அலுமினியம். விறைப்பு. மிதிச்சா ஓடும். ஆனா ரோட்டுல கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் உங்க கைக்கு வந்து சொல்லும். இது கார்பன். லேசு, குலுங்காது. கீழ போட்டா மட்டும் வயித்தைக் கலக்கும், உள்ள விரிசல் விட்டுச்சோ என்னவோன்னு." டைட்டானியத்தை அவள் தட்டவில்லை, கல்லாவுக்கு மேலே ஒருமுறை பார்த்ததோடு சரி. "இது ஸ்டீல். கொஞ்சம் கனம். நனைஞ்சா துடைக்கணும். ஆனா வளைஞ்சா நிமிர்த்தலாம், உடைஞ்சா ஒட்டலாம். மெதுவாத்தான் போகும், கடைசி வரைக்கும் கூட வரும்."

"நீங்க எதைச் சொல்றீங்க?"

"நீங்க எங்க போகப் போறீங்க?"

மிங்-ஷான் போக நினைத்திருந்த ஒரே இடம் இந்தக் கடைதான். "இங்க பக்கத்துலதான்," என்றார்.

"எங்க வீட்டுக்காரர் போட்ட வழக்கம் ஒண்ணு இருக்கு. ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க. உடம்பு ஒத்துக்கிட்டாத்தான் வியாபாரம். இல்லைன்னா வேற மாத்தித் தர்றேன்."

மிங்-ஷானின் அரசாங்க மூளை சுறுசுறுப்பானது. வண்டி பிடித்துப்போனால் வாங்க வேண்டியதுதான். வாங்கிவிட்டால் அப்புறம் இந்தப் பக்கம் வர என்ன வேலை? பிடிக்காமல் போனால் வரலாம். அலுமினியத்திலிருந்து ஆரம்பிப்போம் என்றார்.

அங்கேதான் முதல் சிக்கல். அலுமினியம் அவருக்குச் சட்டை தைத்தது போலப் பொருந்திவிட்டது. இரண்டு வாரமும் ஒரு சின்ன வலிகூட இல்லை. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாத மனிதர், ஊருக்கு வெளியே உள்ள குதிரைப் பண்ணை வரை போய்த் திரும்பினார். மூச்சு வாங்கியதே தவிர வேறெதுவும் நோகவில்லை. வேறு வழியில்லாமல் கடைக்குப் போய்ப் பொய் சொன்னார்.

"மணிக்கட்டு வலிக்குது."

"எந்த மணிக்கட்டு?"

இடதைக் காட்டினார். லீயுன் அதைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது மிங்-ஷான் ஞாபகமாக வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே போனார். லீயுன் வாசல் வரை வந்து அதையும் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில வாங்க," என்றாள். "கார்பன் தயார் பண்ணி வைக்கிறேன்."

பொய் சொன்னது அவருக்கு உறுத்தியது. தெருக்கோடியில் ஆலமரத்தடியில் நிலச்சாமி கோயில் இருக்கிறது; கோயில் என்றால் ஒரு ஃபிரிட்ஜ் அளவு. உள்ளே வெள்ளைத் தாடியோடு சாமி. பிறை நிலா வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகளை வைத்துக் கேள்வி கேட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சாமி சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் கூடாது. இரண்டும் மல்லாந்தால் சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறார் என்று அர்த்தம். தொடர்ந்து மூன்று முறை சம்மதம் வந்துவிட்டால் அது உத்தரவு. அதை மீற இந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

வேர்க்கடலை மிட்டாய் வைத்துவிட்டு மிங்-ஷான் கேட்டார். "அவகிட்ட என் மனசுல உள்ளதைச் சொல்லட்டுமா?"

சாமி சிரித்தார்.

"இப்பவே சொல்லட்டுமா?"

கூடாது.

மிங்-ஷானுக்கு உள்ளூர நிம்மதி. இப்பவே சொல்வதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்கே தெரியும். கொஞ்சம் தவணை கிடைத்தால் நல்லது என்று யோசித்து, ஒரு பதிவு அலுவலரின் மூளைக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்.

"இனிமே பொய் சொல்ல மாட்டேன் சாமி. நிஜமாவே எனக்கு வலியில்லாம பொருந்தற வண்டி ஒண்ணு அமையும்ல, அன்னைக்குச் சொல்லட்டுமா?"

சம்மதம். மறுபடி போட்டார். சம்மதம். மூன்றாவது முறையும் சம்மதம்.

மிங்-ஷான் துள்ளாத குறையாக வீட்டுக்குப் போனார். ஐம்பத்திரண்டுதான் தன் அளவு என்பது தெரிந்துவிட்டது. கார்பனும் பொருந்தும். இரண்டு வாரத்தில் சொல்லிவிடலாம்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் லீயுன் அதைத் தூக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கார்பன் வண்டியை வெளியே உருட்டினாள். "கடையைக் கூட்டிக்கிட்டிருந்தேன்," என்றாள்.

இரண்டே நாளில் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. பொய் வலி இல்லை. மாடிப்படி இறங்கும்போது கண்ணில் நீர் வரவழைக்கிற அசல் வலி.

"முழங்கால்," என்றார் மிங்-ஷான் கடைக்கு நொண்டிக்கொண்டே வந்து. "சத்தியமா."

"அச்சச்சோ." லீயுன் மண்டியிட்டு முழங்காலைப் பார்த்தாள். அதிகம் வலிக்கிறதா என்று கேட்டபோது அவள் முகமே சுருங்கிப்போனது. "ஒருவேளை ஐம்பத்திரண்டு தப்போ? ஐம்பத்திநாலு பாக்கலாமா?"

ஐம்பத்திநாலு என்றதும் மிங்-ஷான் ஒரு அங்குலம் வளர்ந்தது போல நிமிர்ந்தார். அன்று அவள் எலும்பு சூப் காய்ச்சி வைத்திருந்தாள், முழங்காலுக்கு நல்லது என்று. சூப்பைக் குடித்தபடி அவளுடைய சின்ன வயதுக் கதையைக் கேட்டார். அவள் சிரித்தபோது மேல் உதடு கொஞ்சம் கோணியது. அதைப் பார்ப்பதற்காக இன்னொரு முழங்காலையும் தரத் தயாராக இருந்தார்.

ஐம்பத்திநாலில் முழங்கால் சரியானது. கழுத்து போனது.

கழுத்து போன திங்கட்கிழமை நல்ல நாள். நிறைய ஜோடிகள் வந்துவிட்டார்கள். அடையாள அட்டையில் இருக்கும் படத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மிங்-ஷானின் கடமை. ஆனால் தலை மேசையை விட்டு மேலே எழும்பவில்லை.

"கொஞ்சம் குனியுங்க," என்றார் ஒரு மாப்பிள்ளையிடம். "இன்னும் கொஞ்சம். அப்படியே உக்காந்துடுங்க. சரி. பொண்ணு, நீங்களும்."

மாப்பிள்ளையும் பெண்ணும் கவுண்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தைக் காட்டினார்கள். பின்னால் இருந்தவர்கள் இதுதான் புது விதி போலிருக்கிறது என்று வரிசையாகக் குந்தினார்கள். மேலதிகாரி கோ மேடம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தூ, கல்யாணத்துக்கு வந்தவங்களை இப்பவே மண்டி போட வைக்காதீங்க. அதெல்லாம் வீட்டுல போய்த் தானா நடக்கும்."

வண்டியைத்தான் சரியாக்க முடியவில்லை, ஆளையாவது சரியாக்கலாம் என்று மிங்-ஷான் இறங்கினார். வைத்தியரிடம் போய் முதுகில் கிண்ணங்களைக் கவிழ்த்து ரத்தத்தை இழுக்க வைத்தார். முதுகெங்கும் வட்ட வட்டமாகச் சிவந்து மல்லாந்து படுக்க முடியாமல் போனது. கை கால் நீளட்டும் என்று பூங்காவில் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். தோள் மறுபடி பிடித்துக்கொண்டது. அடுத்து லீயுன் கொடுத்தது ஸ்டீல், அளவு ஐம்பது. அதில் இடுப்பு ஆட்டம் கண்டது. இடுப்புக்காகச் சைக்கிள்காரர்கள் போடும் மெத்தை வைத்த கால்சட்டையை ஆபீஸ் பேண்ட்டுக்குள் போட்டுக்கொண்டு போனார். நாள் முழுக்கக் காலை அகட்டி வைத்தபடி நடந்தார்.

நாலு மாதம் இப்படியே ஓடியது. உடம்பில் நோகாத இடம் காது மட்டும்தான். ஆனாலும் இத்தனை சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. வலிக்கும்போதெல்லாம் தெருவைத் தாண்டலாம். தாண்டினால் தேநீர் உண்டு, சூப் உண்டு, கோணல் சிரிப்பு உண்டு. இரவில் படுக்கும்போது மட்டும் நெஞ்சு கனக்கும். பொருந்தினால் சொல்லலாம், பொருந்தவில்லையே. சாமியிடம் அந்த வார்த்தையை ஏன் கொடுத்தோம் என்று தன்னையே நொந்துகொள்வார். அவளுடைய கைகள் இரண்டும் தன் முழங்காலைப் பிடித்த விதத்தை நினைத்துக்கொண்டே தூங்கிப்போவார்.

ஒருநாள் லீயுன் அவருக்கு மூன்றாவது கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கடையிலிருந்து அ-ஜூ கத்தினாள். "போதும் லீயுன். ஆள் தாங்க மாட்டார்."

"பரவாயில்லை அக்கா, இன்னொரு கப் குடிப்பேன்," என்றார் மிங்-ஷான்.

லீயுன் காது வரை சிவந்து, கெட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நிலாப் பண்டிகை நெருங்கியபோது ஷட்டரில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டப்பட்டது. கடை கை மாற்றப்படும் என்று எழுதியிருந்தது. மிங்-ஷான் அதை நாலைந்து தரம் படித்தார். படிக்கப் படிக்க அதே வார்த்தைகள்தான் இருந்தன.

"ஹுவாலியன்ல தங்கச்சி லாட்ஜ் வச்சிருக்கா," என்றாள் லீயுன், சாவிகளைத் தரம் பிரித்தபடி. "கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. பண்டிகை முடிஞ்சதும் போயிடலாம்னு இருக்கேன்."

"கடையை விட்டுட்டா?"

"இங்க எனக்கு என்ன இருக்கு, தூ சார்? நீங்களே சொல்லுங்க."

அவள் சாவியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். மிங்-ஷான் வாயைத் திறந்தார். இடுப்பு சுருக்கென்று குத்தியது. மூன்று சம்மதம் ஞாபகம் வந்தது. சாமியிடம் கொடுத்த வார்த்தையை மீறி ஆரம்பிக்கிற எதுவும் உருப்படுமா? மீறினால் கேடு தனக்கு வந்தால் பரவாயில்லை, அவளுக்கு வந்துவிட்டால்?

"சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிப் பாத்தா..." என்றார்.

 லீயுன் மறுபடி சாவிகளை எடுத்துக்கொண்டாள். "தள்ளிப் பாக்கலாம்," என்றாள்.

அவர் நேராக நிலச்சாமியிடம் போனார். மிட்டாய் டப்பா முழுவதையும் வைத்தார்.

"சாமி, வலிச்சாலும் வலிக்கலைன்னு நினைச்சுக்கிட்டு சொல்லிடட்டுமா?"

கட்டைகள் இரண்டும் மல்லாந்தன. சாமி சிரித்தார். மறுபடி கேட்டார். மறுபடி சிரிப்பு. மூன்றாம் முறையும் சிரிப்பு.

"நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன்," என்றார் மிங்-ஷான், தாடிக்கார சாமியைப் பார்த்து. "உங்களுக்கு இதுல என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?" மிட்டாய் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

லீயுன் கிளம்பும் நாள் வந்தது. காலையில் போனபோது ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. கடை காலியாக இருந்தது. கல்லாவுக்கு மேலே சுவரில் ஒரு வெளிறிய தடம் மட்டும் தெரிந்தது.

"ஐம்பத்தெட்டு எங்க?" என்றார்.

"மலை ஏற்றக்காரங்கள்ல ஒரு நெட்டைப் பையன் கேட்டான். குடுத்துட்டேன். ஓடறதுக்குப் பண்ணினது, சும்மா தொங்கிக்கிட்டிருந்துச்சு."

எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகிறாள் என்று மிங்-ஷான் நினைத்துக்கொண்டார். கடையில் ஒரே ஒரு வண்டி மிச்சம் இருந்தது. ஸ்டீல், ஐம்பத்திரண்டு. கரும்பச்சை நிறம்.

"இதை எடுத்துக்குங்க. என் கணக்குல. முதல் நாளே உங்களுக்கு இதைத்தான் குடுத்திருக்கணும்." வண்டியை அவர் கையில் ஒப்படைத்தாள். "ஓட்டிப் பாருங்க. சரியா இருந்தா அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க. மத்தியானம் எனக்கு ரயில்."

"வலிச்சா?"

"வலிக்காது," என்றாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மிங்-ஷான் ஏறி மிதித்தார். தெருக்கோடியில் முழங்கால் வலிக்கும் என்று காத்திருந்தார். வலிக்கவில்லை. ரயில்வே கேட் தாண்டினால் கழுத்து பிடிக்கும். பிடிக்கவில்லை. இப்போது சைக்கிள் பாதையாகிவிட்ட பழைய ரயில் பாலத்தில் ஏறினார். கீழே ஆற்று நீர் கற்களுக்கு நடுவே மெலிந்து ஓடியது. இடுப்பைக் கவனித்தார், தோளைக் கவனித்தார், மணிக்கட்டு இரண்டையும் கவனித்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. வண்டி எங்கே முடிகிறது, தான் எங்கே ஆரம்பிக்கிறோம் என்று தெரியாத அளவுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

அவருக்கு அழுகை வந்தது. இனி எங்கேயும் வலிக்காது. வலி இல்லாத வாழ்க்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதைச் சொல்லித் தெருவைத் தாண்டுவது?

பாலத்தின் நடுவில் வந்தபோதுதான் சாமி நினைவுக்கு வந்தார். வலியில்லாமல் பொருந்துகிற அன்றைக்கு. அது இன்றைக்கு.

பிரேக்கை அழுத்தினார். பின்னால் வந்த ஒரு குடும்பம் அவரைத் திட்டிக்கொண்டே விலகியது. வண்டியைத் திருப்பி, இத்தனை நாள் மிதிக்காத மிதி மிதித்தார். மெதுவாகத்தான் போகும் என்று சொல்லப்பட்ட ஸ்டீல், ரயில்வே கேட்டில் ஒரு ஸ்கூட்டரை முந்தியது. நாக்கில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தார். முதலாளியம்மா என்று கூப்பிடக் கூடாது. லீயுன் என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் தானாக வரும்.

ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது. பூட்டும் தொங்கியது.

இரண்டு முறை தட்டினார். சிவப்புத் தாள் மட்டும் காற்றில் ஆடியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவைத் தாண்டி, தனது பழைய முக்காலியில் வந்து உட்கார்ந்தார். அ-ஜூ முள்ளங்கிக் கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஹீரோ, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? இன்னைக்கு எங்க வலி?"

"எங்கயும் வலிக்கலை, அக்கா."

அ-ஜூவின் கரண்டி கல்லின் மேலேயே நின்றது. "வலிக்காமலா திரும்பி வந்தே?"

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். ஆறு வருஷமா சொல்ல நினைச்சது. போயிட்டாங்க." மிங்-ஷான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "எல்லாம் இந்த உடம்பால வந்த வினை. என் நாற்காலியைப் பத்து எண்ணுறதுக்குள்ள சரி பண்ணின கை அது. அந்தக் கையாலயே நாலு மாசமா ஒரு சீட்டைச் சரியா வைக்க முடியலைன்னா, நான் எவ்வளவு கோணலாப் பிறந்திருக்கணும், நீங்களே சொல்லுங்க."

அ-ஜூ அடுப்பை அணைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். தனக்குப் பின்னால் சமையல்கட்டு வாசலில் தொங்கிய துணித் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் குனிந்து, ரகசியம் பேசத் தெரியாத தன் குரலில் சொன்னாள்:

"அந்த முதல் வண்டிக்கு அப்புறம் நீ ஒவ்வொரு தடவை வண்டி எடுக்க வர்றதுக்கு முன்னாடியும் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, சீட்டை ஒரு விரக்கடை தப்பா நகத்தி வச்சது அவதான், வலிச்சாத்தானே நீ வருவேன்னு; இன்னைக்குத்தான் சரியா வச்சுக் குடுத்துட்டு, வலிக்காமலும் வர்றியான்னு பாக்க உள்ள பெட்டியும் கையுமா உக்காந்திருக்கா, எழுந்து போ, ஹீரோ."